இரண்டாவது சரணம்

அந்தப் பாடகனுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் புயல். வயது ஐம்பத்தொன்று. முடிக்குச் சாயம், வயிற்றுக்கு அகலமான பெல்ட், கோடையிலும் தோல் சட்டை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு, நாற்காலி மேசைக் கடை ஒன்றின் அடியில் இருக்கும் நிலவறைக் கிளப்பில் பாடுவான். இருநூறு பேர் நிற்கக்கூடிய இடத்தில் நானூறு பேரை விடுவார்கள். ஜன்னல் கிடையாது. சுவரில் ஏ.சி. என்று ஒரு பெட்டி இருக்கிறது. இருக்கிறது என்பதோடு சரி.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆறாவது பாட்டு எப்போதும் 'இடிப்பேன்', பூட்டிய கதவையெல்லாம் இடிப்பதாகச் சவால் விடுகிற பாட்டு. முதல் சரணம் முடிந்ததும் புயல் மேடை விளிம்பில் குனிந்து கையை நீட்டுவான். முன்வரிசையில் கைக்கு அகப்பட்ட ஒரு ரசிகரை மேலே தூக்குவான். இரண்டாவது சரணத்தை அந்த ரசிகர் பாட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது அதிர்ஷ்டம் மாதிரித் தெரியும். அதிர்ஷ்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. 'ரிஜிஸ்டர்' அண்ணனின் நோட்டில் அன்றைக்கு யார் எண்ணோ அவர்தான் நடுவில் நிற்பார். மணிக்கட்டில் மஞ்சள் துணிப்பட்டை கட்டியிருப்பார். மற்றவர்கள் அரை அடி பின்வாங்கிக் கைகளைத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். புயல் கையை நீட்டினால் அங்கே பிடிப்பதற்கு ஒரே ஒரு கைதான் இருக்கும்.

ரிஜிஸ்டர் அண்ணனுக்கு வாரநாளில் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் வேலை. பிறந்தவர்களையும் செத்தவர்களையும் ஆறு நாள் எழுதியது போதாதென்று ஏழாவது நாள் ரசிகர்களையும் எழுத வந்துவிடுவார். எண், பெயர், தேதி, கையெழுத்து, கடைசியில் 'அனுபவம்' என்று ஒரு கட்டம். மேடை ஏறி இறங்கியவர் அதில் ஒரு வரியாவது எழுதியாக வேண்டும்.

அந்த நோட்டில் ஒருத்தியின் எண் முப்பத்தொன்று. மாதத்துக்கு ஒருவர் என்றால் இரண்டரை வருடம். அவ்வளவு நாள் அவள் காத்திருந்ததற்குக் காரணம் புயல் இல்லை. புயலை அவளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். வீட்டில் பாடுகிறவள் அவளுடைய அக்கா. விருந்தாளி வந்தால், "பெரியவளே, ஒரு பாட்டு பாடும்மா" என்பார்கள். சின்னவள் தம்ளர் எடுத்து வைப்பாள். தனக்கும் ஒரு குரல் உண்டு என்று நாலு பேர் கேட்க, முக்கியமாக அக்கா கேட்க, ஒரே ஒரு தடவை பாடிவிட வேண்டும். அது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஒரு காது மருத்துவரிடம் அவளுக்கு வேலை. வருகிறவர்களைச் சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, மெல்லிய ஒலிகளை அனுப்புவாள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். ரசிகர்கள் அவளைக் 'காது' என்று கூப்பிடுவது அதனால்தான். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அதே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாவது சரணத்தைப் பாடிப் பழகுவாள். உள்ளே கத்தினாலும் வெளியே ஒரு பொட்டுச் சத்தம் வராது. எத்தனை நாள் பழகினாள் என்று டைரியில் குறித்து வைத்திருந்தாள். நானூற்றுப் பதினெட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கே அக்காவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். படிக்கட்டில் வரிசை நின்றது. ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு, முன்னால் இருப்பவரின் முதுகு வியர்வையைத் தங்கள் சட்டையால் துடைத்துக்கொண்டு.

"என்னடி இது, போர்வை போர்த்தி ஆவி பிடிக்கிற மாதிரி இருக்கு," என்றாள் அக்கா.

"உள்ள போனா இதைவிட மோசம்க்கா."

"இதைச் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தியா?"

ரிஜிஸ்டர் அண்ணன் நோட்டோடு வந்தார். மேலிருந்து கீழாக அக்காவைப் பார்த்தார்.

"காது, இவங்க யாரு? நம்பர் இருக்கா?"

"என் அக்கா அண்ணே. இன்னிக்கு மட்டும்."

"முன்வரிசையில நம்பர் இல்லாதவங்க நிக்கக் கூடாது. ஒரு தடவை விட்டா அப்புறம் ஆளாளுக்கு மாமன் மச்சானைக் கூட்டிட்டு வருவாங்க."

"நான் சுவரோரமா நின்னுக்கறேன் சார்," என்றாள் அக்கா. "செத்தா எழுதிக்க நீங்க இருக்கீங்களே."

அண்ணனுக்கு அது நகைச்சுவை என்று புரியவில்லை. தலையாட்டிவிட்டு மஞ்சள் பட்டையைக் கட்டிவிட்டார்.

உள்ளே போனார்கள். மூன்று மணி என்றால் புயலுக்கு நான்கு. அந்த ஒரு மணி நேரத்தில் நானூறு பேரும் ஒருவரையொருவர் வேகவைத்தார்கள். கூரை தாழ்வு, மூச்சுக் காற்று அதில் ஒட்டி, துளியாகத் திரண்டு, தலையில் சொட்டியது. ஒருவன் அண்ணாந்து வாயைத் திறந்து அதை ஏந்தினான், பக்கத்திலிருந்தவர்கள் கைதட்டினார்கள். புயலின் படம் போட்ட பனியனைப் போட்டிருந்த ஒருத்தி அதன் முன்பக்கத்தைச் சுருட்டிப் பிழிந்துவிட்டு உதறிக்கொண்டாள். படத்தில் புயலின் முகம் கோணிக்கொண்டது. தங்கள் வேலையில், தங்கள் வீட்டில் ஒருவர் அதட்டினால் வாய் திறக்காத இந்த ஆட்கள்தான் கீழே வந்ததும் கதவை இடிப்பதாகக் கத்துகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தானும் அதில் ஒருத்திதானே என்பதும் கூடவே தோன்றியது. அந்த இரண்டாவது நினைப்பை அவள் தள்ளி வைத்தாள்.

பக்கத்தில் நின்றவர் எண் முப்பத்திரண்டு. பஸ் பட்டறை மெக்கானிக். அடுத்த மாதம் அவர் முறை. பயத்தில் அவருக்குக் கழுத்தெல்லாம் புல்லரித்திருந்தது, அந்தப் புழுக்கத்திலும்.

"பாட்டு முழுசும் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"தூக்கத்துல எழுப்பினாலும் பாடுவேன்."

"எங்க வீட்டுல பசங்க சிரிக்கறாங்க. 'அப்பா, ஹாரன் அடிக்கிற மாதிரி இருக்கு'ங்கறாங்க. சிரிக்கட்டும். மேடையில வெச்சுப் பாத்தா வாயை மூடிடுவாங்க."

புயல் வந்தான். கூட்டம் ஒரே மாவாகப் பிசைந்துகொண்டு முன்னால் சரிந்தது. முதல் பாட்டிலேயே மூச்சு வாங்கியது அவனுக்கு. உச்சத்தில் பாட வேண்டிய இடம் வரும்போதெல்லாம் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவான். கூட்டம் அவனுக்காகக் கத்தும். அவன் கண்ணை மூடி உருகுவான். அவன் வீசிய துண்டுக்காக இரண்டு பேர், ஒருவர் பல் மருத்துவர், இன்னொருவர் கணக்கு வாத்தியார், தரையில் உருண்டார்கள். துண்டு இரண்டாகக் கிழிந்தது. இருவரும் ஆளுக்கொரு பாதியை முகத்தில் தேய்த்துக்கொண்டு எழுந்தார்கள்.

ஆறாவது பாட்டு. முன்வரிசை அரை அடி பின்வாங்கியது. கைகள் இறங்கின. அவளுடைய கை மட்டும் மேலே நின்றது. புயல் குனிந்தான். அவன் உள்ளங்கை சோப்பு மாதிரி வழுக்கியது. மேலே போய்விட்டாள்.

விளக்கு கண்ணைக் குத்தியது. சுவரோரம் அக்காவின் தலை தெரிந்தது. அது போதும். கையில் மைக்கைத் திணித்தார்கள். அவள் யோசிக்கவில்லை, கண்ணாடி அறைக்குள் பேசுகிற மைக்கைத் தினமும் சோதிக்கிற பழக்கத்தில் அதன் தலையை நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாள். 'டொக்' என்று வர வேண்டும். வரவில்லை. இன்னொரு தடவை சுண்டினாள். மைக் செத்துக் கிடந்தது.

இதைச் சொல்வதற்காகக் கீபோர்டுக்காரன் பக்கம் திரும்பினாள். அவன் பக்கத்தில் ஒரு பெட்டி. அதில் நீலத்தில் ஒரு பொத்தான், சிவப்பில் ஒரு பொத்தான். அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான், பெண்தான் என்று உறுதி செய்துகொண்டான், சிவப்பை அழுத்தினான்.

ஸ்பீக்கரிலிருந்து இரண்டாவது சரணம் புறப்பட்டது. வழவழவென்று ஒரு பெண் குரல்.

முதல் வரியை அவளும் கூடவே பாடினாள், பழக்க தோஷம். தன் குரல் தன் மண்டைக்குள் மட்டும் ஒலித்தது. இந்தப் பெண் குரலை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். எண் நான்கு, எண் பதினொன்று, எண் இருபத்தாறு, எல்லாம் இதே குரல். இரண்டரை வருடம் கேட்டும் உறைக்கவில்லை, அதுவும் ஊர்க் காதையெல்லாம் பரிசோதிக்கிறவளுக்கு. ஒலியே அனுப்பாதபோதும் சிலர் கண்ணாடி அறையில் பொத்தானை அழுத்துவார்கள், நன்றாகக் கேட்கிறது என்று காட்டிக்கொள்ள. அவர்களைப் பார்த்து அவள் உதட்டுக்குள் சிரித்திருக்கிறாள்.

இரண்டாவது வரியில் வாயை மூடிவிட்டாள். குரல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. மூடிய வாயோடு அவள் நின்றாள். எதிரே நானூறு பேர் கண்களைச் சொருகிக்கொண்டு அசைந்தார்கள். ஒருவராவது புருவத்தை உயர்த்த வேண்டுமே! இல்லை. பனியன் பிழிந்தவள் அழுதுகொண்டிருந்தாள்.

புயல் மட்டும் பார்த்துவிட்டான். சிரித்த முகம் மாறாமல் வந்து, தோளில் கை போட்டு, அவளைக் கூட்டத்துக்கு முதுகு காட்டும்படி திருப்பினான்.

"வாயைத் தொறம்மா," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "மானத்தை வாங்காத."

அவள் திறக்கவில்லை. சரணம் தன்பாட்டில் முடிந்தது. கைதட்டல் கூரையை உலுக்கியது.

கீழே இறங்கியதும் ஈரக் கைகள் நாலாபக்கமும் கட்டிக்கொண்டன. ஒவ்வொருவராக விலக்கிவிட்டு ரிஜிஸ்டர் அண்ணனின் காதருகே போனாள்.

"அண்ணே, மைக் வேலை செய்யல. டேப்பைப் போடறாங்க."

அவர் நோட்டை விரித்துக்கொண்டே, "தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"மேல போனவங்க எல்லாருக்கும் தெரியும். நான்தான் ஒண்ணாம் நம்பர், எனக்குத் தெரியாதா? அதனால என்ன இப்போ? மேல போனியா இல்லையா? தொட்டாரா இல்லையா? இந்தா, எழுது."

அவள் நோட்டைப் பார்த்தாள். அனுபவக் கட்டத்தில் முப்பது கையெழுத்துகள். 'பிறவிப் பயன்.' 'என் குரலை நானே நம்ப முடியவில்லை.' 'மெய் சிலிர்த்தது.' கடைசியாகச் சொன்னது பல் மருத்துவருடையது. முப்பது பேரும் தெரிந்தே, அடுத்தவன் காத்திருக்கிறான் என்றும் தெரிந்தே, ஆற அமர எழுதியிருக்கிறார்கள்.

பேனாவை வாங்கிப் பரிசோதனை அறிக்கை எழுதுகிற மாதிரி நிதானமாக எழுதினாள்: 'மாலை 4.50. மைக் வேலை செய்யவில்லை. பாடியது நான் அல்ல. இதற்கு முன் பாடியவர்களும் அல்ல.'

அண்ணனுக்கு முகம் கறுத்தது. "என்ன காது இது? பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கு, கிழிக்கவும் முடியாது."

கொஞ்சம் யோசித்துவிட்டு அதற்குக் கீழே, 'விளையாட்டாக எழுதியது' என்று அவரே எழுதி, கையெழுத்தும் போட்டார். பதிவு அலுவலகத்துக்காரர்.

மெக்கானிக் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டார். அவர் ஒருவருக்காவது இது பயன்படும் என்று அவள் நினைத்தாள்.

"நிஜமாத்தாங்க. அடுத்த மாசம் ஏமாறாதீங்க."

அவர் அவளை வெகு நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் முதலில் குழப்பம் இருந்தது. பிறகு அது எங்கேயோ வசதியான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"உங்க குரல் சரியில்லைன்னு போட்டிருப்பாங்க," என்றார். "என்னுது கணீர்னு இருக்கும். எனக்கு எதுக்குப் போடப் போறாங்க?" பிறகு அண்ணனிடம் திரும்பி, "அண்ணே, என் நம்பரை மாத்திடாதீங்க. வேணும்னா இப்பவே பட்டையைக் கட்டிடுங்க," என்றார்.

அவள் மஞ்சள் பட்டையை அவிழ்த்து அவர் கையில் வைத்துவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு சுவரோரம் போனாள். அக்கா கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"யாருடி அவ?" என்றாள் அக்கா. "இருபத்தாறு வருஷமா ஒரே ரூம்ல படுத்திருக்கோம். நீ குளிக்கும்போது முணுமுணுக்கறது எனக்குத் தெரியாதா? அது நீ இல்ல. உன்னைக் கேக்க வந்தேன், எவளையோ கேட்டுட்டு நிக்கறேன்."

நானூறு பேரில் ஒருத்திக்குக் காது இருந்தது. அவள் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள். பின்னால் ஏழாவது பாட்டு தொடங்கி, ஆட்கள் மறுபடியும் எதையோ இடிப்பதாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள்.

படிக்கட்டில், உள்ளே இடம் கிடைக்காதவர்களின் வரிசை இன்னும் நின்றது. அதே பனியன்கள், கொஞ்சம் காய்ந்தவை. பாதி வழியில் அவள் நின்றாள். நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இரண்டாவது சரணத்தைப் பாட ஆரம்பித்தாள். மைக் இல்லை, கண்ணாடி அறை இல்லை. வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். "யாரு இது? குடிச்சிருக்காளா?" என்றான் ஒருவன். "ரசிகையாம், ரசிகை. புயல் பாட்டைக் கொலை பண்றா," என்றது இன்னொரு குரல்.

வாசல் காவலாளி மேலிருந்து விரலை ஆட்டினான். "ஏம்மா, இங்க சத்தம் போடக் கூடாது. கீழ கச்சேரி நடக்குதில்ல?"

"இன்னும் ரெண்டு வரிதான்யா, முடிக்கட்டும்," என்றாள் அக்கா, படியில் உட்கார்ந்து, முழங்காலில் முகவாயை ஊன்றிக்கொண்டு.

காவலாளி முணுமுணுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான். மீதி இரண்டு வரியையும் அவள் பாடினாள். கடைசிச் சொல்லில் சுருதி கொஞ்சம் கீழே இறங்கியது. அது அவளுக்கே நன்றாகக் கேட்டது.