யாரும் படிக்காத மடல்

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள யானைக்குத் தும்பிக்கை வேண்டும். சுளுக்கு டாக்டருக்கு ஒரு பேனாவும் அரைப்பக்கக் காகிதமும் போதுமாக இருந்தன.

அவள் உண்மையில் டாக்டர் இல்லை. பிசியோதெரபி படித்தவள். வீடு வீடாகப் போய் மடங்காத முழங்காலை மடக்கியும், எழும்பாத தோளை எழுப்பியும் பிழைப்பு நடத்துகிறவள். மன்றத்துக்காரர்கள் வேடிக்கையாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள். மேசைப்பந்து, கேரம், நீச்சல் குளம் எல்லாம் உள்ள பொழுதுபோக்கு மன்றம் அது. மாதம் ஒருமுறை நான்கு பக்கச் செய்தி மடல் ஒன்றை அச்சடித்து உறுப்பினர் வீடுகளுக்கு அனுப்பும். யார் வென்றார், யாருக்குப் பேத்தி பிறந்தாள், குளம் எந்தெந்த நாள் மூடியிருக்கும், இவ்வளவுதான் அதில் சரக்கு.

அந்த மடலைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல். கையில் போன் இருக்கிற காலத்தில் காகிதத்தைக் கறுப்பாக்குவானேன் என்று மூன்று வருஷமாகக் கேட்டுப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் தீர்மானமாகவே எழுதிச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டாள். யாரும் படிக்காத இந்த மடலை அச்சிடுவதைத் தீர்மானம் நிறைவேறும் நாளிலிருந்தே நிறுத்த வேண்டும் என்று எழுதி, 'நாளிலிருந்தே' என்ற சொல்லின் கீழே கோடு வேறு போட்டிருந்தாள். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

பொதுக்குழு கூட இரண்டு மாதம் இருந்தது. கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் அந்த மாத மடல் வந்தது. அதன் மூன்றாம் பக்கத்தில், பெண்கள் உடைமாற்றும் அறையில் சக உறுப்பினரின் தங்க வளையலை எடுத்து, பிறகு ஒப்புக்கொண்டு திருப்பிக் கொடுத்ததற்காக ஒரு மாதம் விலக்கி வைக்கப்பட்டவர் என்று ஓர் அறிவிப்பு. அதன் கீழே, உறுப்பினர் எண்ணோடு, சுளுக்கு டாக்டரின் பெயர்.

அவள் மடலோடு நேரே தட்டச்சர் வீட்டுக்குப் போனாள். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பதினெட்டு வருஷமாக மடலை ஒற்றை ஆளாகத் தயாரிக்கிறவர். அவளுடைய தீர்மானத்தால் மனம் நொந்து, ஒன்றரை மாதமாக அவளைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறவர். வேண்டுமென்றே செய்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவர் கணினியைத் திறந்து நடந்ததைக் காட்டினார். ஒவ்வொரு மாதமும் போன மாத மடலையே திறந்து, பழைய செய்தியின்மேல் புதுச் செய்தியை அடிப்பது அவர் வழக்கம். போன மாதம் அதே கட்டத்தில் இருந்தது அவள் மேசைப்பந்தில் வென்ற செய்தி. செய்தியை மாற்றியவர் பெயரை மாற்ற மறந்துவிட்டார்.

"அடுத்த மடல்ல முதல் பக்கத்துலயே கட்டம் கட்டிப் போட்டுடறேம்மா. உங்களுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லன்னு, தப்பு என்னோடதுன்னு. இதோ, அடிச்சே வெச்சிருக்கேன்" என்றார்.

அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டவர், கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "ஆனா அடுத்த மடல் வந்தாத்தானேம்மா."

அவளுக்கு அப்போதுதான் தன்னுடைய தீர்மானம் நினைவுக்கு வந்தது. சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான் என்று உறைத்தது.

யாரும் படிக்காத மடலை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்பது அடுத்த இரண்டு வாரத்தில் தெரிந்தது. அவள் ஏழு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வீட்டில் விருந்தாளி வந்திருப்பதாகச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் வலி தானாகவே போய்விட்டதாம். ஒரு வீட்டில் மகன் வீடியோ பார்த்துப் பயிற்சியைக் கற்றுக்கொண்டானாம். நான்காவது வீட்டில் கதவையே திறக்கவில்லை. ஒருவராவது முகத்துக்கு நேரே, நீ எடுத்தாயா என்று கேட்டிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பதில் சொல்லியிருப்பாள். எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். அந்த மரியாதைதான் அவளைத் தின்றது.

வளையலை எடுத்தது யார் என்பது நிர்வாகக் குழுவுக்குத் தெரியும். மன்றத் தலைவரின் கொழுந்தியாள். விதிப்படி விலக்கல் அறிவிப்பு மடலில் வந்தாக வேண்டும் என்பதால் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டிருந்தார். பெயர் மாறி வந்ததும் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதைதான். திருத்தம் வந்தால், இவள் இல்லையென்றால் பின் யார் என்று ஊர் கேட்கும்.

பொதுக்குழு நாளில் மேசைப்பந்து மேசைகளை மடித்துச் சுவரோரம் தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். ஐம்பது பேர் இருக்கும். செயலாளர் தீர்மானத்தைப் படித்ததும் சுளுக்கு டாக்டர் எழுந்து, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னாள். முடியாது என்றார் செயலாளர். ஒருவர் வழிமொழிந்து எல்லாருக்கும் சுற்றுக்கு விட்டாகிவிட்டது, இனி அது சபையின் சொத்து என்றார். அப்படியானால் இன்னும் ஒரே ஒரு மடல், திருத்தத்தோடு, அதற்குப் பிறகு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். தீர்மானத்தில் 'நாளிலிருந்தே' என்று இருக்கிறதே என்று செயலாளர் அந்தக் கோட்டை விரலால் காட்டினார். அவள் எதையும் முழுசாகச் செய்கிறவள் அல்லவா.

தட்டச்சர் எழுந்தார். பிழை தன்னுடையது என்றும், கடைசி மடல் ஒன்றை மட்டும் அனுமதிக்க வேண்டும் என்றும், அதற்குப் பிறகு தானே விலகிக்கொள்வதாகவும் சொன்னார். மூன்று வருஷம் அவள் கேலி செய்த மனுஷர்தான் அந்தக் கூட்டத்தில் அவளுக்காகப் பேசிய ஒரே ஆள்.

தலைவர் சிரித்த முகமாக மைக்கை வாங்கினார்.

"டாக்டரம்மா, இது யாரும் படிக்காத மடல்னு நீங்களே உங்க கைப்பட எழுதியிருக்கீங்க. யாரும் படிக்காததுல ஒரு தப்பு வந்தா யாருக்குத் தெரியப்போகுது? எதுக்கும்மா திருத்தம்?"

கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்புகூட இல்லை. பொழுது போகாத மதியத்தில் நல்ல பதிலைக் கேட்டால் வருகிற சிரிப்பு. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தீர்மானத்தை ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். நாற்பத்தொரு கைகள் எழுந்தன. இரண்டாம் வரிசையில் இரும்புக்கடைக்காரர் வலது கையை விறைப்பாகக் காதுக்கு மேலே தூக்கியிருந்தார். போன வருஷம் அந்தத் தோள் உறைந்துபோய், சட்டை மாட்ட மனைவி உதவி வேண்டியிருந்தது. நான்கு மாதம் தினமும் அழுத்தி நீவி, அங்குலம் அங்குலமாக அதை மேலே ஏற்றியவள் அவள்தான். நன்றாகத்தான் குணமாகியிருக்கிறது என்று அவளுக்குள் ஒரு பக்கம் நினைத்தது. அப்படி நினைத்த தன்னையே அறைய வேண்டும்போல இருந்தது.

அன்று மாலை மன்றத்தின் போன் குழுவில் செயலாளர் ஒரு வரி போட்டார். சென்ற மடலில் சிறு பிழை நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம். என்ன பிழை, யாரைப் பற்றி, ஒன்றும் இல்லை. இருபத்து மூன்று பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். அதன் கீழே யாருக்கோ பிறந்தநாள். பூங்கொத்துப் படங்கள் வந்து விழுந்து, அரை மணி நேரத்தில் அந்த வரி எங்கோ மேலே போய்விட்டது. தட்டச்சர் தன் திருத்தத்தை முழுசாகப் போட்டுப் பார்த்தார். உறுப்பினர் பெயர்களைக் குழுவில் விவாதிக்கக் கூடாது என்று சொல்லி அதை நீக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை அவள் கப்பல்காரர் வீட்டுக்குப் போனாள். கப்பலில் என்ஜினியராக இருந்தவர், மன்றத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. இடது கைக்கு அவள்தான் பயிற்சி கொடுக்கிறாள். முன்பெல்லாம் பயிற்சி நேரத்தில் அறையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். இப்போது மகள் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மடித்த துணிகளையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் விரல்களை விரித்துவிட்டபடியே அவள் தானாகப் பேச்சை எடுத்தாள். மடலில் வந்தது தப்பு என்று சொல்லி, போனில் தட்டச்சர் தனியாக அனுப்பியிருந்த திருத்தத்தைக் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். போன் எழுத்தெல்லாம் அவருக்கு ஆடுமாம்.

"விடும்மா. தப்புன்னா அடுத்த மடல்ல போடுவாங்க. தொடங்கின நாள்லேருந்து அப்படித்தான். அதுல வரட்டும், நான் படிச்சுக்கறேன்."

"இனிமே மடல் வராதுங்க ஐயா. நேத்தோட நிறுத்தியாச்சு."

அவர் முகம் விழுந்துவிட்டது. படுத்த படுக்கைக்கு மன்றம் வந்துகொண்டிருந்தது அந்த நான்கு பக்கத்தில்தான். "யாரு நிறுத்தினது?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வராது.

"நான் கொடுத்த தீர்மானம்தான் ஐயா."

கப்பல்காரர் தலையை அவள் பக்கம் திருப்பினார்.

"ஓஹோ. உன் பேரு வந்ததும் மடலையே நிறுத்திட்டியா?"

அது இரண்டு மாதம் முன்பே கொடுத்தது என்றாள். தேதியைச் சொன்னாள். திரும்பப் பெறப் பார்த்ததையும், செயலாளர் சொன்னதையும், தலைவர் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அது கெட்டிக்காரத் திருடி கட்டிய கதைபோல அவள் காதுக்கே கேட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். மகள் எழுந்து வந்து, கட்டிலோரம் மேசைமேல் இருந்த அப்பாவின் கைக்கடிகாரத்தை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள். பயிற்சி முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.