பாஹிமின் லெப்டொப்

மலையடிவாரத்து நல்லதண்ணியில, மலை ஏற வர்றவங்களுக்குக் கம்பளித் தொப்பியும் டோர்ச்சும் விக்கிற அன்ஸார் மொதலாளி வீட்டுல, அன்னைக்கு ஆளாளுக்கு எனக்கு வைஃபை பாஸ்வேர்ட் சொன்னாங்க. ஒருத்தர் மெதுவா, ஒருத்தர் கத்தி. கத்திச் சொன்னா லெப்டொப்புக்குக் காது கேக்குமா? எனக்கு வாயில நல்லா வந்துச்சு. சாவு வீடுன்னு அடக்கிக்கிட்டேன்.

மொதலாளி மகன் பாஹிம் எங்கூடப் படிச்சவன். சவூதியில வேலை. தூக்கத்துலயே நெஞ்சு நின்னுபோச்சு. அஸர் தொழுகை முடிஞ்சதும் அங்கயே அடக்கம். அவன்கூட ரூம்ல இருந்த சப்ராஸ், அடக்கத்துக்கு வச்சிருந்த மையித்துப் பக்கத்துல நின்னு வீடியோ கோல்ல முகத்தைக் காட்டிக்கிட்டு இருந்தான்.

பாஹிமோட உம்மா றம்ஸியாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. ஃபோனை மூக்குக்கிட்ட வச்சும் ஒண்ணும் பிடிபடல.

"இது ஏண்ட புள்ள இல்ல. ஆள் மாறிப் போச்சு," ன்னாங்க. "கஜேந்திரன், நீ பெருசாக் காட்டு மகன். நான் பாத்துச் செல்றன்."

அதுக்குத்தான் பாஹிம் விட்டுட்டுப் போன லெப்டொப்பை எடுத்தேன். லினக்ஸ், நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து போட்டது. அது வைஃபை பேரைக் காட்டுது, பாஸ்வேர்ட் கேக்குது, சுத்துது, மறுபடியும் கேக்குது. மழைக்கு ஃபோன் டவரும் செத்துக் கெடந்துச்சு, டேட்டாவும் இல்ல. கடைசியில லெப்டொப் தன் பிழைகளை எழுதி வைக்கிற லொக் ஃபைலைத் தொறந்து பாத்தேன். பாஸ்வேர்ட்ல பிழையே இல்ல. ரவுட்டரை டபிள்யூபிஏ-3ங்கிற புதுப் பூட்டுல மட்டும் போட்டு வச்சிருக்கு. இந்தப் பழைய லெப்டொப்புக்கு அந்தப் பூட்டு தெரியாது.

"யாரு மொதலாளி இதை மாத்துனது?"

"சீசனுக்கு வார பொடியன்மார் கடை வாசல்ல நிண்டு வைஃபையத் திருடுறானுகள். இருக்கிறதுலயே பெரிய பூட்டாப் போடச் சென்னன்."

கோவம் வந்த வேகத்துலயே போயிருச்சு. மகன் செத்த வீட்டுல அந்த மனுசன் வைஃபைக்குப் பதில் சொல்லிக்கிட்டு நிக்கிறாரு.

என் ஃபோன் வழியா ரவுட்டருக்குள்ள போய் டபிள்யூபிஏ-2க்கு மாத்தினேன். சேவ் பண்ணினா ரவுட்டர் அணைஞ்சுதான் எரியும். சப்ராஸ் வேற, "கெதியா, தூக்கப் போறாங்க," ன்னு கத்துறான்.

"உம்மா, கோல் கட்டாகும். திரும்ப வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்கன்னா இதுவும் இல்லாமப் போயிரும்."

"எனக்கு இப்ப மட்டும் என்ன தெரியுது? செய் மகன்."

அமுக்கினேன். லைட்டெல்லாம் அணைஞ்சுச்சு. "எரிஞ்சு தொலையேன் சனியனே," ன்னு ரவுட்டரைத் திட்டினேன். எரிஞ்சுச்சு. லெப்டொப் இந்தத் தடவை ஒரே பிடியாப் பிடிச்சுக்கிச்சு. அதுல இருந்தே சப்ராஸுக்குக் கோல் எடுத்தேன். முகத்தை மூட விடாம மல்லுக்கு நின்னுக்கிட்டு இருந்தான் அவன்.

படம் பளிச்சுன்னு விழுந்துச்சு. சத்தியமா அந்த நேரம் எனக்கு சந்தோசம். வேலை சரிவந்த சந்தோசம்.

உம்மா திரையில மூக்கு முட்டுற மாதிரி குனிஞ்சு பாத்தாங்க. அப்பதான் 'இது அவன் இல்லைன்னு சொல்லிருங்க உம்மா'ன்னு மனசுக்குள்ள கெஞ்சினேன்.

அவங்க விரல் அவன் காதோரத்தைத் தடவிக்கிட்டே இருந்துச்சு.

"நரச்சிட்டான்," ன்னாங்க. "இந்த வயசுல நரச்சிட்டான். ஒத்தருமே எனக்குச் செல்லல்லியே."

அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க.

"போதும் மகன். மூடச் செல்லு."