நாலரை டன்னுக்கு மேலே

எடைமேடை ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த டெஸ் கோவால்டு எண்ணைப் படித்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“கெல்வின், உள்ள பியானோ ஏதும் ஏத்திருக்கியா?”

“ஏன், எவ்ளோ காட்டுது?”

“நாலாயிரத்து அறுநூத்தி ஐம்பத்தஞ்சு கிலோ. உன் வண்டித் தகட்டுல என்ன போட்டிருக்கு?”

பதில் சொன்னது கெல்வினின் மனைவி கோரலி. “நாலாயிரத்து நானூத்தித் தொண்ணூறு.”

நோட்டை எடுத்துக் கழித்துப் பார்த்தாள். தகட்டில் அனுமதித்திருப்பதைவிட நூற்று அறுபத்தைந்து கிலோ அதிகம். சாதாரண கார் லைசென்ஸுக்கு நாலரை டன்தான் எல்லை. ட்ரெலோர் தம்பதியின் புது மோட்டார்ஹோம் அந்த எல்லையைத் தாண்டி, வாலரூ தானியக் கிடங்கு வாசலில் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது.

முப்பத்தோரு வருஷம் அவர்கள் ஜீப்பின் பின்னால் வீட்டுவண்டியைப் பூட்டி இழுத்துப்போகும் கேரவன்காரர்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் குளிர் தொடங்கியதும் தண்ணீரில்லாத நல்லார்பர் சமவெளியைக் கடந்து மேற்குக் கடற்கரைக்குப் போய், குளிர் கழிந்து செப்டம்பரில் திரும்புவார்கள். கெல்வின் ஓட்டுவார். முகாம் வந்ததும் கோரலி இறங்கிப் பின்னால் போய் நின்று கையைக் காட்டுவாள்; அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்துக் கேரவனைப் பின்னோக்கி விடுவார். போன நவம்பரில் அவர் கழுத்தில் இரண்டு எலும்புகளைச் சேர்த்துத் தகடு வைத்தார்கள். அதற்குப் பிறகு தலை திரும்பவில்லை. ஈஸ்டர் விடுமுறையில், நாற்காலி போட்டு பீர் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்த பதினைந்து பேர் முன்னால், கேரவன் கோணிக்கொண்டு போய்க் குழாய்க் கம்பத்தைச் சாய்த்தது. தண்ணீர் பீய்ச்சி அடித்தது. யாரோ கை தட்டினார்கள். கெல்வின் சாவியை அவள் மடியில் போட்டு, “போதும், வித்துடு” என்றார்.

விற்றாள். ஆனால் வீட்டோடு முடங்க அவளுக்கு உத்தேசமில்லை. இழுப்பதும் பூட்டுவதும் இல்லாமல் எல்லாம் ஒரே வண்டியாக இருக்கும் மோட்டார்ஹோமைப் பிடிவாதம் பிடித்து வாங்கவைத்தாள். கெல்வின் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஜூன் முடிவதற்குள் அது மேற்கே கிளம்ப வேண்டும். இல்லையென்றால் அதையும் விற்றுவிட வேண்டியது. அதற்குப் பிறகு அவர் எங்கும் வருவதாக இல்லை. சொன்னதைச் செய்கிற மனிதர். சிகரெட்டை ஒரே காலையில் விட்டவர்.

இப்போது மே கடைசி.

தவறு எங்கே என்பது வீட்டுக்கு வரும் வழியிலேயே கோரலிக்குப் புரிந்துவிட்டது. கேரவன் நாட்களில் கொண்டுபோனதையெல்லாம் ஒன்று விடாமல் ஏற்றியிருந்தாள். அப்போது பாதிச் சுமையை முன்னால் இழுத்துப்போன ஜீப் சுமந்தது. ஜீப்பும் கேரவனோடு போய்விட்டதை மறந்திருந்தாள்.

குளியலறையிலிருந்து எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து புல்லில் வைத்தாள். ஒவ்வொரு பொருளாக நிறுத்து நோட்டில் எழுதினாள். இரும்புச் சட்டி ஏழு கிலோ. கருவிப்பெட்டி இருபத்திரண்டு. அவளுடைய தையல் மெஷின் ஒன்பது. பீட்ரூட் டின் மட்டும் பதினான்கு இருந்தது. யார் வாங்கினார்கள் என்று இருவருமே ஒப்புக்கொள்ளவில்லை. கழிக்க முடிந்ததையெல்லாம் கழித்தும் எழுபத்து மூன்றுதான் குறைந்தது. இன்னும் தொண்ணூற்றிரண்டு கிலோ. தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துகொண்டு நல்லார்பர் பக்கம் யாரும் போக மாட்டார்கள். மிச்சம் இருந்தது வண்டியின் முதுகில் கட்டியிருந்த கெல்வினின் அலுமினியப் படகும் அதன் எஞ்சினும்.

“நான் தொண்ணூத்தாறு. என்னை இறக்கிடு, கணக்கு சரியாப் போயிடும்” என்றார் கெல்வின்.

“யோசிச்சேன்.”

அவர் சிரித்தார். பிறகு எழுந்து போய்ப் படகின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

“கெல், அதைத் தொடாத.”

“படகு இல்லாம அங்க போய் என்ன பண்ண? நீ புத்தகம் படிக்கறதைப் பாத்துட்டு உக்காரவா? விடு கண்ணு. முயற்சி பண்ணினோம், நடக்கலை.”

அவர் குரலில் வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. அது கோரலியைச் சுட்டது.

மறுநாள் வண்டியைக் கட்டிய கம்பெனிக்குப் போன் செய்தாள். நாற்பது நிமிஷம் பேசினாள். வண்டியின் அச்சும் பிரேக்கும் ஐந்து டன்னுக்கு மேல் தாங்கும். கார் லைசென்ஸ்காரர்களுக்கு விற்பதற்காகத்தான் தகட்டில் எடையைக் குறைத்து அடித்திருக்கிறார்கள். பெரிய வண்டி லைசென்ஸ் ஒருவரிடம் இருந்தால் போதும், தகட்டை அன்றே மாற்றித் தருவார்கள்.

“என் கழுத்துக்கு எவன் லாரி லைசென்ஸ் குடுப்பான்?” என்றார் கெல்வின்.

“உன்னை யாரு கேட்டா? நான் எடுக்கறேன்.”

“அம்மணி, முப்பத்தோரு வருஷத்துல அந்தக் கேரவனை ஒரு அடி ஓட்டிருக்கியா?”

“இல்ல. பின்னாடி நின்னு நீ எங்கெங்க தப்பு பண்றேன்னு பாத்திருக்கேன்.”

பக்கத்து ஊரான கடினாவில் லாரி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் ரேலீன் ஷிர்மர். தேர்வு வைப்பவளும் அவளே. கோரலிக்கு அறுபத்தேழு என்று கேட்டதும் ரேலீன் ஒரு குஷனை எடுத்து ஓட்டுநர் இருக்கையில் போட்டாள். வாரம் மூன்று நாள் வகுப்பு. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் கோரலி செய்த தவறுகளை நோட்டில் எழுதி, அடுத்த வகுப்புக்கு முன்னால் இரண்டு முறை படித்தாள்.

ஜூன் பதினைந்தாம் தேதி முதல் தேர்வு. சாலையில் ஒரு குறையும் இல்லை. கடைசியாக மைதானத்தில் இரண்டு வரிசைக் கூம்புகளுக்கு நடுவே லாரியைப் பின்னால் விட வேண்டும். பாதி தூரத்தில் கண்ணாடியில் கெல்வின் தெரிந்தார். வேலிக்கு அப்பால் நின்று இரண்டு கைகளையும் வீசி, இடது, இடது என்று காட்டிக்கொண்டிருந்தார். அவள் இடதுபக்கம் ஒடித்தாள். மூன்று கூம்புகள் சக்கரத்தின் அடியில் போயின.

ரேலீன் பேனாவை மூடினாள். “கோரலி, கண்ணாடியில யாரைப் பாத்தீங்க?”

“வீட்டுக்காரரை.”

“லாரியை ஓட்டினது நீங்களா, அவரா?”

வீட்டு வாசலில் கெல்வின், “உதவி பண்ணலாம்னு நெனச்சேன்” என்றார்.

“தெரியும். அடுத்த தடவை அந்தப் பக்கம் தலை காட்டினா, உன் கழுத்துல மூணாவது எலும்பையும் சேர்த்து ஒட்டிடுவேன்.”

ரேலீனிடம் அடுத்து கிடைத்த நாள் ஜூன் இருபத்தொன்பது. அதை விட்டால் ஜூலைதான்.

அன்று கெல்வினைக் கடைவீதி பேக்கரியில் இறக்கிவிட்டுப் போனாள். மைதானத்தில் லாரியைப் பின்னால் எடுத்தபோது கண்ணாடியில் வேலி மட்டும் இருந்தது. ஆள் இல்லாத அந்த வேலி அவளைப் பயமுறுத்தியது. கால் பிரேக்கில் அப்படியே உறைந்தது.

“இறங்கிப் பாக்கலாமா?” என்று கேட்டாள்.

“ஒரு தடவை பாக்கலாம்.”

இறங்கினாள். லாரியைச் சுற்றிப் பின்னால் போய், அத்தனை வருஷம் நின்ற இடத்தில் நின்றாள். வலது சக்கரத்துக்கும் கூம்புக்கும் நடுவே இரண்டடி. பின்னால் இன்னும் ஆறடி. நேராக வந்தால் போதும், எதையும் ஒடிக்கத் தேவையில்லை. ஓட்டுவது கெல்வினாக இருந்தால் இந்நேரம், நிதானமா அப்படியே வா என்று கை காட்டியிருப்பாள். மறுபடி ஏறி உட்கார்ந்தாள். நிதானமாக அப்படியே வந்தாள். ஒரு கூம்பும் அசையவில்லை.

பேக்கரியில் கெல்வின் கறி அடைத்த பேஸ்ட்டியைத் தொடாமல் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தார். அவள் எதிரே உட்கார்ந்து, அதை இழுத்து ஒரு கடி கடித்தாள்.

“என்ன கோரலி? சொல்லித் தொலையேன்.”

“நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கெளம்பறோம்.”

“ஏழு மணிக்குப் போலாமே.”

“நாளைக்கு முப்பதாம் தேதி. ஆறு.”

கெல்வின் பேஸ்ட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நீ ஓட்டினா, வழியெல்லாம் நான் என்ன பண்றது?”

“டீ போட்டுக் குடு. ஓட்டறதைப் பத்தி மட்டும் பேசாத.”

அவர் எழுந்து, கல்லாவில் இருந்த பெண்ணிடம் மறுநாள் வழிக்கு ஆறு பேஸ்ட்டி கட்டச் சொன்னார்.