தீவுக்கோழியின் கண்

கோகிலவாணி தூரிகையைக் கறுப்பில் தோய்ப்பதும், கோழியின் முகம் வரை கொண்டுபோவதும், பிறகு துணியில் துடைத்து வைப்பதுமாகக் காலையிலிருந்து அல்லாடிக்கொண்டிருந்தாள். கோழி இடுப்பு உயரம் இருந்தது. பழுப்பு இறகு, சிவந்த முகம், மண்ணைக் கிளறும் கனத்த கால்கள் எல்லாம் அச்சு அசலாக வந்திருந்தன. கண் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறும் வெள்ளை. பக்கத்தில் நின்ற ஆமைக்கும் முதலைக்கும் நண்டுக்கும் அதே கதிதான்.

கள்ளக்குறிச்சியில் புதிதாக வரும் அருங்காட்சியகத்தின் முதல் கண்காட்சி அது. புயலையும் கடலையும் தாக்குப்பிடித்து நிற்கும் தீவு உயிர்கள் சுவர் முழுக்க ஓவியங்களாக இருந்தன. நடுவில் நிறுத்தச் சிமெண்ட் உருவங்கள் வேண்டுமென்று ரிஷிவந்தியத்தில் சாமி சிலை செய்யும் சின்னதுரையிடம் சொன்னார்கள். அவனும் அவன் மனைவி கோகிலவாணியும் படத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். சாமி சிலைக்கு அது நிற்கும் இடத்தில் நிறுத்திய பிறகுதான் கண் திறப்பது வழக்கம். பழகிய கை நண்டுக்கும் அதே மரியாதையைக் கொடுத்துவிட்டது. ஒன்றுக்கும் கண் வைக்காமல் வண்டியேற்றிவிட்டார்கள்.

பார்த்தால், அவர்கள் செய்துகொடுத்த கரியாலூர் மலைக்கோயில் அம்மனுக்குக் கண் திறக்கவும், இங்கே கண் வைக்கவேண்டிய அதே நாளில்தான் நேரம் குறித்திருந்தார்கள். மலைக்குக் கிளம்பும்போது சின்னதுரை சொன்னான்: "நான் வர லேட்டாவும். நீயே வச்சிடு. சாமியா இன்னா? பொம்ம தானே."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைப் படுத்தி எடுத்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து சிமெண்ட் குழைப்பது அவள், பூசுவது அவள், அம்மன் சேலைக்கு மடிப்பு வைத்து வண்ணம் தீட்டுவதும் அவள். கண் என்று வந்தால் மட்டும் திரையைக் கட்டி அவளை வெளியே நிறுத்திவிடுவார்கள். பொம்பளை திறக்கக் கூடாதாம். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வெளியே நின்றபடியே, அவன் கை இப்போது எங்கே போகும், மூச்சை எங்கே பிடிப்பான் என்று நினைத்து நினைத்து, மனசுக்குள் எத்தனையோ அம்மனுக்கு அவள் கண் திறந்திருக்கிறாள். இப்போது கேட்காமலே கிடைத்துவிட்டது. ஆனால் இது கணக்கில் வராது என்று சொல்லியல்லவா கொடுத்தான்! வைத்தால் பொம்மைக்குப் புள்ளி வைத்தவள், வைக்காவிட்டால் அதற்கும் துப்பில்லாதவள். ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

கண்காட்சிப் பொறுப்பாளர் தமிழழகன் எட்டிப் பார்த்தார். "நாளைக்குத் திறப்பு விழாம்மா. ரெண்டு புள்ளி தானே? நம்ம ஆளுங்க யாரையாவது வைக்கச் சொல்லட்டா?"

"யாரும் கைய வைக்காதீங்க சார்!"

அவள் போட்ட சத்தத்தில் அவளே பயந்துவிட்டாள். அவர் போனதும் கோழிக்குப் பக்கத்திலிருந்த பலகையைப் படித்தாள். நிக்கோபார் தீவுக் கோழி. மண்மேடு கட்டி அதற்குள் முட்டையிடும். சுனாமியில் மேடுகளெல்லாம் அடித்துக்கொண்டு போக, மிஞ்சியவை மறுபடியும் மண்ணைக் கிளறினவாம். எந்த ஐயர் நேரம் குறித்துக் கொடுத்தாரோ என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓரமாகக் கிடந்த நீலத் துணியை எடுத்துவந்து கோழியைச் சுற்றி மறைப்பாகக் கட்டினாள்.

கட்டி முடிக்கவும் சின்னதுரை நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"இன்னாடி, இன்னும் வைக்கலியா? காலைலேர்ந்து இன்னா பண்ணிக்கினு இருந்த? இப்டி குடு, நான் முடிச்சிடறேன்." கையை நீட்டினான்.

கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது. அவள் தூரிகையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"வாணாம் மாமா. நீங்க வெளிய போய் நில்லுங்க."

"பொம்மைக்கு எதுக்குடி திர?"

அவள் துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். அவன் துணியைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். வாசல் பக்கம் திரும்பி நடந்தான். கோபித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டானோ? போனால் போகட்டும்.

உள்ளே நுழைந்து திரையை இழுத்துவிட்டாள். மண்டியிட்டு, மூச்சைப் பிடித்து, வலது கண்ணை எழுதினாள். ஈரக் கறுப்பு மினுங்க, கோழி அவளை நேருக்கு நேர் பார்த்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இடது கண்ணுக்காகத் திரைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். துணிக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் அவன் பாதங்கள் தெரிந்தன. செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்திருந்தான்.