ஆறாவது படம்

எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும் என்பது அன்புச்செல்விக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ‘அண்ணன்’ என்ற சொல்லை ரப்பர் ஷீட்டில் இடம் வலம் மாற்றி வெட்டி, மை தடவித் தாளில் ஒற்றினாள். அழகாக விழுந்தது. ஆனால் எழுத்தைப் போலவே ஆளும் திரும்பிவிடுவான் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. ஆறாவது படத்தில் முதுகைக் காட்டி நிற்பவன் வலது கையால் கம்பியை ஓங்குவதாகத்தான் செதுக்கியிருந்தாள். அச்சில் இடது கையால் ஓங்கினான்.

“அடியே, எடது கைக்காரனாக்கிப்போட்டியே!” என்று லின்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் இவளோடு டிசைன் படிப்பவள்தான். அவள் அப்பா கோயம்புத்தூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன பிரஸ் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அது தோழிகள் இருவருக்கும் சொந்தம்.

“சும்மா இருடீ. பொழுதோட புதுசாச் செதுக்கிப்போடறேன்” என்றாள் அன்புச்செல்வி. அவளுக்கு எரிச்சலாக வந்தது. இந்தப் புத்தகத்துக்காக அவள் படாத பாடில்லை. தறி ஷெட்டுக் கழிவுப் பஞ்சை ஊறவைத்துத் தாள் செய்தாள். முதலில் செய்ததெல்லாம் அப்பளமாக நொறுங்கியது. மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்தாள். தறியின் பாவு நூலில் மெழுகு தடவித் தைத்தாள். அந்தத் தப்பான படத்தோடேயே தேறிய ஒரே ஒரு புத்தகம், கைப்பிடி போட்டு இறுக்கும் இரும்புப் பிரஸ்ஸில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே காய்ந்துகொண்டிருந்தது.

புத்தகம் முழுக்க அவள் அண்ணன் ரவிக்குமார்தான். இரண்டு வருஷத்துக்கு முன் சோமனூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் மண்டை பிளந்து மிதந்தான். குடித்துவிட்டு விழுந்தான், மோட்டார் பைப்பில் அடிபட்டான் என்று போலீஸில் எழுதி வழக்கை மூடிவிட்டார்கள், பாவிகள். சாராய வாடை வந்தாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன் அவன்! யாரோ அடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். யார் என்பதுதான் தெரியாது. அதனால்தான் ஆறாவது படத்து ஆளுக்கு முகம் வைக்கவில்லை. கொலைதான் என்று நாலு பேர் ஒப்புக்கொண்டால் போதும், அவள் அப்பன் மாசாணம் நிம்மதியாகத் தூங்குவார்.

புத்தகத்தைப் பார்க்க அன்றைக்குச் சென்னியப்பன் வருவதாகச் சொல்லியிருந்தார். ரவிக்குமார் வேலை பார்த்த தறி ஷெட் அவருடையது. மாசாணம் பண்ணையம் பார்ப்பதும் அவர் தோட்டத்தில்தான். சாவுக்கு வந்து அவர்கள் வாசலில் உட்கார்ந்த ஒரே பெரிய மனுஷர். அலைந்து திரிந்து இவளைக் காலேஜில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். தெய்வம் என்றே நினைத்திருந்தாள், பைத்தியக்காரி.

“ஏனுங்க முதலாளி, வாங்க, வாங்க!” என்று ஓடி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். லின்சி காப்பி வாங்கி வரப் பேக்கரிக்குப் போனாள்.

கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருந்த மிச்சப் பிரதித் தாள்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். “அட, ரவியேதான் கண்ணு! கெட்டிக்காரி!” என்றார். ஆறாவது தாளின் முன்னால் நின்றார். நின்றவர் நகரவில்லை.

“இதை ஆரு சொன்னா?”

“எதுங்க?”

“எடது கையின்னு ஆரு சொன்னா? எந்த நாயி பாத்துச்சு?”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அது தப்பா விழுந்துபோச்சுங்க, நான்...” என்று ஆரம்பித்தாள். கன்னத்தில் அறை விழுந்தது. அச்செழுத்துப் பெட்டியில் போய் மோதினாள். ஈய எழுத்துகள் தரையெல்லாம் சிதறின. எழுந்திருக்கப் பார்த்தவளின் விலாவில் எட்டி உதைத்தார். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

தாளைப் பிடுங்கிக் கிழித்தார். “சாட்சி வெச்சுக்கிட்டு எனக்கே படங்காட்டறயா? சொல்லு, ஆரு பாத்தது?” மேஜையில் கிடந்த தாள் வெட்டும் கத்தியை எடுத்து அவள் கழுத்தில் வைத்தார்.

கத்தி இடது கையில் இருந்தது.

அவர் சோறு தின்பதும் கையெழுத்துப் போடுவதும் வலது கையால்தான். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஆத்திரம் வந்தால் வேறு கை வரும் என்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். தன் வாசலில் உட்கார்ந்து, அப்பன் தோளைத் தட்டிக் கொடுத்தது இந்தக் கைதானா!

“புஸ்தகம் எங்கே?”

அவளை அறியாமல் அவள் கண் பிரஸ் பக்கம் போய்விட்டது. அவர் கத்தியை வீசிவிட்டு, கைப்பிடியைத் திருகித் தட்டைத் தூக்கினார். புத்தகம் பசையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. உள்ளே இடது கையை விட்டு இழுத்தார்.

அன்புச்செல்வி எப்படி எழுந்தாளோ! இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து ஒரே சுழற்றாகச் சுழற்றினாள். தட்டு இறங்கியது. அவர் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது. வலது கையால் அவள் முடியைப் பிடித்து இழுத்தார். கொத்தாக முடி கையோடு போனது. அவள் கைப்பிடியை விடவில்லை.

“என்ற அண்ணனை என்ன பண்ணுனே?”

“உட்டுரு கண்ணு! உன்ற அப்பனாட்டம் நானு!”

இன்னும் கொஞ்சம் திருகினாள்.

“அடிச்சேன்! அடிச்சுக் கெணத்துல தள்ளுனேன்! ஐயோ, உடு!”

“எதுக்கு?”

“என்ற ஊட்டு வாசல்ல நின்னு, ‘எங்கப்பனை வாடா போடான்னு கூப்புடாதீங்க’ன்னான். என்கிட்டயே! ஒரு சக்கிலிப் பையன்!”

இதற்காகவா! கைக்குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு, சாப்புடுங்க’ என்று கொஞ்சுகிற ஊர் இது. நரைத்த தலை மாசாணத்துக்கு அந்த ஒரு மரியாதையைக் கேட்டதற்கு அவர் பிள்ளையின் மண்டையைப் பிளந்திருக்கிறான். அன்புச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருகினாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

“அன்பு! போதும்டீ, செத்துருவான்!”

வாசலில் லின்சி நின்றாள். காப்பித் தூக்குப் போசி கீழே உருண்டு கிடந்தது. அவளுக்குப் பின்னால் பேக்கரி ஆட்களும், பக்கத்து சைக்கிள் கடைக்காரரும், கூச்சல் கேட்டு ஓடிவந்த பத்துப் பேரும் நின்றார்கள். அவன் சொன்னதை அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள்.

“சாக மாட்டான்” என்றாள் அன்புச்செல்வி. “இப்பச் சொன்னதை இவன் கோர்ட்டுல சொல்லோணும்.”

போலீஸ் வந்த பிறகுதான் கைப்பிடியைத் தளர்த்தினாள். அவனைக் கொண்டுபோனார்கள். புத்தகத்தின் அட்டை ரத்தத்தில் ஊறியிருந்தது. உள்ளே தாள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. லின்சி ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். அழுதுகொண்டே ஏதாவது பேச வேண்டுமே என்று, “அந்த ஆறாவது படத்தை நானே மாத்திச் செதுக்கித் தர்றேன்டீ” என்றாள்.

அன்புச்செல்வி அந்தப் பக்கத்தைப் புரட்டி வெகுநேரம் பார்த்தாள்.

“வேண்டாம்” என்றாள். “சரியாத்தான் விழுந்திருக்குது.”