வலிப்பு நேரில் வர வேண்டும்

பூங்கோதையின் வலிப்பு நேரில் வந்து கையெழுத்துப் போடாததால், ஆடி முதல் தேதியிலிருந்து அவளுடைய மாத்திரை நிறுத்தப்பட்டது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஓய்வூதியக்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை கருவூலத்துக்குப் போய், தாங்கள் இன்னும் சாகவில்லை என்று முகத்தைக் காட்டிவிட்டு வருகிறார்களே, அதே ஏற்பாடுதான். பெரிய ஆஸ்பத்திரியில் இலவச மாத்திரை வாங்குகிற ஒவ்வொருவரின் நோயும் வருடம் ஒரு முறை பதினான்காம் எண் ஜன்னலுக்கு வந்து, தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். சர்க்கரை நோய்கள் ஒழுங்காக வந்து வரிசையில் நின்றுவிடும். ரத்த அழுத்தங்கள் வரும்போதே சண்டை பிடித்துக்கொண்டு வரும். வலிப்புகள்தான் டிமிக்கி கொடுக்கும்.

பழைய கிளார்க் நல்ல மனுஷர். நான்கு வருடமும் பூங்கோதையின் முகத்தைப் பார்த்துவிட்டு, வலிப்பைப் பார்த்ததாக எழுதிக்கொண்டார். புதிதாக வந்த ஆவுடையப்பன் அப்படியில்லை. அவரும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொள்கிற ரகம், அவ்வளவுதான்.

"வலிப்பு எங்கம்மா?" என்று கேட்டார்.

"வரலைங்க சார்."

"எப்பலேருந்து?"

"அஞ்சு வருசமா வரலைங்க."

"வராத வலிப்புக்கு எதுக்கு மாத்திரை?"

"மாத்திரை போடுறதாலதான் சார் வரல."

"அதை அது வந்து சொல்லட்டும்."

பூங்கோதையிடம் மீதி இருந்தது இரண்டே மாத்திரை. இன்று ராத்திரிக்கு ஒன்று, நாளைக் காலைக்கு ஒன்று. ஒரு வேளைகூட விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் நடுநிலைப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள். நூற்று நாற்பது பிள்ளைகளுக்கான சாம்பார் கொதிக்கிற அண்டாவுக்கு முன்னால் தினமும் இரண்டு மணி நேரம் நிற்கிறாள். அங்கே யாருக்கும் அவளுக்கு வலிப்பு உண்டு என்பது தெரியாது. தெரிந்தால் வேலை போகும். தெரியாமல் அண்டாவுக்கு முன்னால் விழுந்தால் என்ன போகும் என்பதை அவள் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

அவளுக்குப் பின்னால் எத்திராஜுலு வாத்தியார் நின்றிருந்தார். பூகோளம் எடுத்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் அதே வெள்ளை மாத்திரைதான். அவளுக்கு வலிப்பை நிறுத்துகிற மாத்திரை, அவருக்கு மனசை ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்து நிறுத்தியது. ஒரே மாத்திரை என்பதால் ஒரே வரிசை. அவருடைய நோய் இரண்டு ஆள். இரண்டையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மகிழ்ச்சி விடியற்காலையே வந்து, யாரும் கேட்காமலே தூண்களுக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தது. துக்கம் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்க மாட்டேன் என்று படுத்திருந்தது.

"ரெண்டும் ஒரே சமயத்துல ஆஜராகக் கூடாது சார்," என்றார் ஆவுடையப்பன்.

"அதைத்தான் நானும் வருசக்கணக்கா அதுககிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றார் வாத்தியார்.

பூங்கோதையைப் பார்த்து, "ஒன்பதாம் நம்பர் ரூம்ல விலாசம் கொடுப்பாங்க. தேடிக் கூட்டிட்டு வாங்கம்மா," என்று ஆவுடையப்பன் இரக்கத்தோடு சொன்னார்.

அன்றைக்கு வராந்தா நீண்டிருந்தது. ஆடிக் காற்றுக்கு அது கொஞ்சம் நீளும். ஒன்பதாம் எண் அறை மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்ததால் வராந்தாவில் மினி பஸ் விட்டிருந்தார்கள். எலும்பு முறிவுப் பிரிவில் பத்து நிமிடம் நின்று, கட்டுப் போட்டவர்கள் எல்லாரும் ஏறிய பிறகுதான் பஸ் கிளம்பியது.

ஒன்பதாம் எண் அறையில் ஒரு நர்ஸம்மா பெரிய நோட்டைப் புரட்டினார். "ஏழுக்கு இருபத்திமூணு, தண்ணித்தொட்டித் தெரு. எழுதிக்கோ."

"அது எங்க வீடும்மா."

"அப்ப ரொம்ப வசதியாப் போச்சு," என்று நர்ஸம்மா நோட்டை மூடிவிட்டார்.

வலிப்பு பரணில் இருந்தது. பொங்கல் பானைகளுக்கும் ஓடாத மிக்ஸிக்கும் நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஐந்து வருடமாக உட்கார்ந்திருந்தது. பார்த்தால் வலிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியவரைப் போல அரைக்கைச் சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக இருந்தது. பக்கத்தில் போனதும் ரப்பர் கருகுகிற வாசனை அடித்தது. அந்த வாசனையைப் பூங்கோதை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அறிவாள்.

"நீ ஆஸ்பத்திரிக்கு வரணும்," என்றாள்.

"நானா?" என்றது வலிப்பு. குரலில் மனத்தாங்கல் இருந்தது. "வேணாம் வேணாம்னு அஞ்சு வருசமா வேளை தவறாம மாத்திரை போட்டவ நீ. இப்ப வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிற."

"ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரு. உன்னைக் கும்புட்டுக் கேக்குறேன்."

"எனக்குன்னு கை கிடையாது பூங்கோதை. உன் கையாலதான் போடணும்."

அவள் ஏணியிலேயே நின்றாள். கடைசியாக அது அவள் கையை எடுத்துக்கொண்டபோது பஸ் ஸ்டாண்டில் விழுந்து, புருவத்தில் ஆறு தையல் போட்டார்கள். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு நாளையும் அவள் விழாத நாள் என்று சமையற்கட்டு காலண்டரில் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறாள். அவளுக்குப் பயமாக இருந்தது. பரண் கதவைச் சாத்திவிட்டு இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் நாளைக் காலைக்குப் பிறகு மாத்திரை இல்லை.

"சரி, வா," என்றாள்.

வலிப்பு பத்தடி தள்ளியே நடந்து வந்தது. அவள் உடம்பில் காலை மாத்திரை இருப்பதால் நெருங்க முடியவில்லை என்றது. பஸ்ஸில் அவள் முன் இருக்கையிலும் அது பின் இருக்கையிலும் உட்கார்ந்தன. அதற்குக் கூட்டம் கண்டால் ஆகாது. இறங்கும் வரை கண்ணை மூடிக்கொண்டது.

ஆவுடையப்பனுக்கு அதைப் பார்த்ததும் நிம்மதி. பதிவேட்டைத் திருப்பி வைத்து, அனுமதிச் சீட்டு ஒன்றைக் கிழித்து வலிப்பிடம் நீட்டினார். "ரெண்டு நிமிசம் பக்கத்துல போக அனுமதி. அதுக்கு மேல ஆச்சுன்னா டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கணும்."

வலிப்பு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தது.

"மன்னிச்சுக்க," என்றது.

பூங்கோதை விழுந்ததைப் பூங்கோதை பார்க்கவில்லை. அது எப்போதுமே மற்றவர்கள் பார்க்கிற காட்சி.

அவள் கண் திறந்தபோது ஒருக்களித்துக் கிடந்தாள். மடியெல்லாம் கனத்தது. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம். அவள் விழுந்ததும் ஆஸ்பத்திரி மொத்தமும் ஓடி வந்து, ஆளுக்கொரு சாவியை அவள் கையில் திணித்திருந்தது. கை நிறைந்த பிறகு மடியில் போட்டார்கள். ஒன்பதாம் எண் அறையின் சாவி, ஆம்புலன்ஸ் சாவி, மினி பஸ் சாவி, பிணவறைச் சாவி, முதன்மை மருத்துவரின் கார் சாவி. ஆவுடையப்பன் மருந்துக் கிடங்கின் சாவிக்கொத்தையே கொடுத்திருந்தார். சாவி கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்று அவர் தலைக்கு மேலேயே போஸ்டர் ஒட்டியிருந்தது. அதை முழுக்கப் படித்திருந்தது வாத்தியாரின் துக்கம் மட்டும்தான். துக்கத்துக்கு எதையும் முழுக்கப் படிக்க நேரம் இருக்கும். அதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்து, அவளைப் புரட்டிப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் தன் துண்டை மடித்து வைத்திருந்தது.

நாக்கில் ரத்தம் கரித்தது. பதிவேட்டில் கையெழுத்து மூன்று பக்கம் கடந்து, மேசையில் ஏறி, சுவர் வரை போயிருந்தது.

"கையெழுத்து ஒத்துப் போகுது," என்றார் ஆவுடையப்பன். "வலிப்பு உயிரோட இருக்கு. சந்தோஷம்." பிறகு பக்கத்தைத் திருப்பினார். அவர் முகம் வாடியது. "ஆனா ஒரு சிக்கல்மா. மாத்திரை போட்டும் வலிப்பு வந்திருக்கு. அப்ப மாத்திரை கேக்கலைன்னு ஆகுது. கேக்காத மாத்திரையைக் கொடுக்க விதி இல்லை."

பூங்கோதைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஐந்து வருடம். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கோடுகள். அத்தனையையும் இந்த ஜன்னலில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு போகச் சொல்கிறார்கள். அழுதாள். யாரும் தடுக்கவில்லை. துக்கம் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழக்கப்பட்டதைப் போலக் காத்திருந்தது.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மடியிலிருந்த சாவிகளை முந்தானையில் அள்ளி முடிந்தாள். கிடங்குச் சாவியை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அந்தச் சாவி..." என்றார் ஆவுடையப்பன்.

"இது வலிப்பு வந்தவங்களுக்குக் கொடுக்குறதுதான சார்?"

"ஆமாம்மா."

"உங்களுக்கு வலிப்பு உண்டா?"

"இல்லையேம்மா."

"அதை அது வந்து சொல்லட்டும்."

ஆவுடையப்பன் யோசித்தார். விதி சரியாகத்தான் இருந்தது. தன்னிடம் இல்லாத வலிப்பைத் தேடி, ஒன்பதாம் எண் அறைக்கு நடந்தே கிளம்பினார். மினி பஸ்ஸின் சாவி அவள் முந்தானையில் இருந்தது.

கிடங்குக்குள் மாத்திரைப் பெட்டிகள் கூரை வரை இருந்தன. பூங்கோதை ஒரு மாதத்துக்கு அறுபது மாத்திரையை எண்ணி எடுத்தாள். அறுபத்தொன்று எடுக்கவில்லை. வெளியே வந்தபோது வலிப்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தயங்கி நின்றது.

"நான் கிளம்பட்டுமா?" என்றது.

"கிளம்பு. கதவு திறந்துதான் இருக்கு. பரண் ஏறுறப்ப ஏணி ஆடும், பாத்து ஏறு."

அவளும் கிளம்பியிருப்பாள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே வரிசை கலையாமல் நின்றது. நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். வாத்தியாருக்கு அறுபது கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, மகிழ்ச்சியையும் துக்கத்தையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி, இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு போனார்.

அடுத்து வந்தவள் சின்னப் பெண். கையில் மருதாணிச் சிவப்பு இன்னும் மங்கவில்லை. பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காமல் ஜன்னலுக்குள் தலையை விட்டாள்.

"அக்கா, என்னோடது மூணு வருசமா வரலக்கா. எல்லா இடத்துலயும் தேடிட்டேன். சத்தியமாக் கிடைக்கல."

பூங்கோதை அறுபது மாத்திரையை எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்து, மருதாணி விரல்களை மூடிவிட்டாள்.

"தேடாத," என்றாள்.