இரைச்சல் நின்ன பிறகு

நான் போடிக்கு வந்தது ஏலக்கா கடையில தரம் பிரிக்கிற வேலைக்கு. சொந்த ஊரு கீழக்கரை. இங்க எனக்குன்னு யாரும் இல்ல. லீவு நாள்ல பொழுது போகணுமேன்னு மாடி ரூம்புல மைக்கு, மிக்சரு, பழைய லேப்டாப்புன்னு ஒவ்வொண்ணா வாங்கி ஸ்டுடியோ மாதிரி ஆக்கி வச்சிருக்கேன்.

ஜக்கம்மாக்கா போடிமெட்டு எஸ்டேட்டுல ஏலக்கா எடுக்கிறவங்க, கடைக்கு வந்து போற பழக்கம். தொண்டையில கேன்சரு. நாளைக்கு மதுரையில ஆபரேசன். குரல்வளையையே எடுத்துருவாங்களாம். அவங்க வீட்டுக்காரரு சுருளிவேல் அண்ணனுக்குச் சக்கரையில ரெண்டு கண்ணும் போயிருச்சு. மூணு மணி பஸ்சுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் என் ரூம்புக்கு வந்தாங்க.

"நாளைக்கப்புறம் நான் பக்கத்துல நின்னாலும் இவருக்குத் தெரியாது தம்பி. படி இருக்கு, சோறு சுடுதுன்னு நாலு வார்த்தை பிடிச்சுக் குடு, வேணுங்கிறப்ப போட்டுக் காட்டிக்கிறேன். போன்ல பிடிச்சுக் காட்டுனேன். இது எவடின்னு கேக்குறாரு."

"திட்டும் சேத்துப் பிடி மாப்ளே," அண்ணன் சொன்னாரு. "திட்டாம பேசுனா இவதான்னு யாரு நம்புவா?"

"வாயில மண்ணு," அக்கா சொன்னாங்க. கரகரன்னுதான். ஆனா குரல் இருந்துச்சு.

பதிச்சுப் போட்டுக் கேட்டா, பேச்சுக்குப் பின்னாடி 'ம்ம்ம்'னு கரண்டு இரைச்சல். அண்ணன் தலையச் சாச்சுக் கேட்டுட்டு, "இவதான். இரையுது, இரைஞ்சிட்டுப் போகட்டும். இதவே குடு"ன்னாரு.

"இல்லண்ணே, சுத்தமா எடுத்துத் தர்றேன்."

லேப்டாப்புல எடம் கம்மி. அது மேலயே திரும்பப் பதிச்சேன்.

வயர மாத்துனேன். ஃபேனை, டியூப்லைட்டை நிறுத்துனேன். கீழ வீட்டு ஃபிரிட்ஜையும் நிறுத்தச் சொன்னேன். லேப்டாப்பு பேட்டரி செத்துப்போனது, அதனால சார்ஜரைப் பிடுங்க முடியாது. ஒவ்வொரு தடவையும், "அக்கா, இன்னொருக்கா." அவங்களும் சொன்னாங்க. படி இருக்கு. சோறு சுடுது. இரைச்சலைப் பாக்க யாரும் பேசவே வேணாம், சும்மா பதிச்சாலே தெரியும். அது எனக்குத் தெரியாதா? இந்தத் தடவை சரியா வந்துரும், இந்தத் தடவை வந்துரும்னே பதினோரு தடவை பேச வச்சேன்.

கடைசியா மைக்கோட இரும்பைத் தொட்டப்ப இரைச்சல் கொறைஞ்சுச்சு. எர்த்துதான் இல்லன்னு புரிஞ்சது. எர்த்து வயரு போன வழியே கொல்லைக்கு ஓடுனேன். முன்னாடி இரும்புத் தண்ணிப் பைப்புல கட்டியிருந்தது. போன மாசம் வீட்டு ஓனரு பிளாஸ்டிக் பைப்பு போட்டாரு. எர்த்து வயரையும் பத்திரமா அதுலயே சுத்தி வச்சிருக்காரு! அவுத்து, போர்வெல்லோட இரும்புக் குழாயில இறுக்கிக் கட்டிட்டு மேல ஓடியாந்தேன்.

ஹெட்போன்ல ஒரு சத்தமும் இல்ல. அவ்வளவு சுத்தம்.

"அக்கா, இப்பச் சொல்லுங்க."

வாயத் தொறந்தாங்க. காத்துதான் வந்துச்சு. வெந்நி குடுத்தேன். கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டுத் திரும்பவும் பேசிப் பாத்தாங்க. காத்துதான்.

"மொதல்ல எடுத்தியே, அதப் போடு மாப்ளே. பஸ்சுக்கு நேரமாச்சு," அண்ணன் சொன்னாரு.

"அது இல்லண்ணே. ஒவ்வொரு தடவையும் அது மேலயே பதிச்சுட்டேன். இப்ப அதுல காத்துதான் இருக்கு."

அவரு கைய முன்னாடி நீட்டிக் காத்துல தடவுனாரு.

"ஜக்கு? எங்க இருக்க?"

ரெண்டடி தள்ளித்தான் நின்னாங்க. உதடு அசைஞ்சுச்சு. அவரு வேற பக்கம் திரும்பி மறுபடியும் கூப்பிட்டாரு.

"இங்கதான்ணே இருக்காங்க," நான்தான் சொன்னேன்.